மாதிரியில் இல்லாத கோடு: பகிர்ந்த முப்பரிமாண மாதிரியும் மின் தளவரைபடமும்

கட்டடக் கலைஞரும் கட்டமைப்புப் பொறியாளரும் மின் பொறியாளரும் தத்தம் முப்பரிமாண மாதிரிகளை ஒன்றோடொன்று இணைத்து வேலை செய்வது பெரிய கட்டடங்களில் வழக்கமாகிவிட்டது. 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்கு வந்த ரெவிட் போன்ற மென்பொருள்கள் இந்த வழக்கத்தோடு ஒரு நம்பிக்கையையும் பரப்பின: மாதிரி சரியாக இருந்தால் வரைபடம் தானாகவே வந்துவிடும். கட்டடத்தைக் கிடைமட்டமாக வெட்டி மேலிருந்து பார்த்தால் தளவரைபடம். சுவருக்கும் தூணுக்கும் இது பெரும்பாலும் சரிவரும். மின் வரைபடத்துக்குச் சரிவராது. அதைத் தனியாக வடிவமைத்தே ஆக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மின் தளவரைபடத்தைக் கையில் எடுக்கும் எலக்ட்ரீஷியன் முதலில் தேடுவது, எந்த சுவிட்ச் எந்த விளக்கை இயக்குகிறது, அந்த விளக்கு டிபியில் (மின் பகிர்வுப் பெட்டியில்) எந்த சர்க்யூட்டில் சேர்கிறது என்பதைத்தான். இந்த உறவுக்குக் கட்டடத்தில் உருவம் கிடையாது. சுவிட்சிலிருந்து விளக்குக்கு வரைபடத்தில் வளைந்து செல்லும் கோட்டின் வழியே எந்தக் குழாயும் ஓடுவதில்லை. கான்டுயிட் ஸ்லாபுக்குள் வேறு பாதையில் போகிறது. ரெவிட்டிலும் கான்டுயிட்டுக்குத்தான் முப்பரிமாண உருவம் உண்டு. வயர் என்பது தளப் பார்வையில் மட்டும் தெரியும் இருபரிமாணக் கோடு. இதைக் குறையென்று சொல்வோர் உண்டு. எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. உருவமில்லாத உறவைக் குறியாகத்தான் காட்ட முடியும். தளத்தில் டேப்லட்டில் மாதிரியையே காட்டிவிடலாம், வரைபடமே வேண்டாம் என்ற யோசனை தடுக்கி விழுவதும் இங்கேதான்: சுவிட்ச் பெட்டி எங்கே இருக்கிறது என்பதை மாதிரியின் உருவம் துல்லியமாகச் சொல்லும், அது எதை ஆள்கிறது என்பதைச் சொல்லாது.

அடுத்த சிக்கல் வெட்டுத்தளம், அதாவது தளவரைபடத்துக்காகக் கட்டடத்தை வெட்டும் உயரம். ரெவிட்டின் மெட்ரிக் தளப் பார்வையில் அது பொதுவாகத் தரையிலிருந்து 1200 மி.மீ. உயரத்தில் தொடங்குகிறது. விளக்கோ 2700 மி.மீ. உயரத்தில், சீலிங்கில் இருக்கிறது. விளக்கு தெரியட்டும் என்று வெட்டுத்தளத்தை உயர்த்தினால் 2100 மி.மீ. கதவு அதற்குக் கீழே போய்விடும். கதவு திறக்கும் திசையைக் காட்டும் வளைகோடும் பல சமயம் மறையும். சுவிட்ச் போர்டை எந்தப் பக்கம் வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் கோடே அதுதான். ஆகவே இரு உயரங்கள் ஒரே தாளில் சேர வேண்டியிருக்கிறது. இணைத்த கட்டடக் கலை மாதிரிக்குத் தனி வெட்டுத்தளமும் மின் சாதனங்களுக்குத் தனி வெட்டுத்தளமும் கொடுக்க மென்பொருளில் வழி உண்டு. பின்னணியாகத் தெரியும் அந்தக் கட்டடக் கலை மாதிரியின் கட்டுப்பாடு மின் குழுவிடமே இருக்க வேண்டும். கட்டடக் கலைஞர் தம் தேவைக்காக அமைத்த பார்வையை அப்படியே கடன் வாங்கினால், அவர் சோபாவையும் தரை ஓடுகளின் கோடுகளையும் காட்ட முடிவெடுக்கும் நாளில் மின் வரைபடமும் சேர்ந்து கெடும்.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை குறியீட்டின் அளவு. 86 மி.மீ. அகலமுள்ள சுவிட்ச் தகடு 1:100 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அதனால்தான் ஐஇசி 60617 போன்ற தரங்களின் குறியீடுகளைத் தாளில் ஏறத்தாழ 3 மி.மீ. அளவில் போடுகிறோம், கட்டடத்தில் அது 300 மி.மீ. இடத்தை அடைக்கும். படுக்கையறையில் டிவி வரும் சுவரைப் பாருங்கள். கீழே 300 மி.மீ. உயரத்தில் ஒரு சாக்கெட், நடுவில் டிவி பாயின்ட், மேலே ஏசி பாயின்ட். மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்பதால் மேலிருந்து பார்க்கும்போது ஒரே புள்ளியில் குவிந்து கறுப்புத் திட்டாகிவிடும்.

இந்த இடத்தில் அவசரக்காரர்கள் செய்வது மாதிரியிலுள்ள பெட்டிகளையே சுவரோரம் தள்ளி நகர்த்துவது. தாள் தெளிவாகிவிடும், மாதிரி பொய்யாகிவிடும்: தள்ளிவைத்த சாக்கெட் அலமாரிக்குப் பின்னால் போகும், அல்லது கான்கிரீட் தூணில் உட்காரும். ஒன்றையொன்று இடிக்கும் பொருள்களைத் தேடும் மோதல் சோதனையில் அது பிடிபட்டாலும், எது உண்மையான இடம் என்பது அதற்குள் யாருக்கும் நினைவிராது. பெட்டியைத் தொடாமல் குறியீட்டை மட்டும் அறைக்குள் இழுத்துவைப்பதே முறை. அந்த விலகலைச் சாதனத்தின் ஃபேமிலிக்குள் (ரெவிட்டில் அந்தச் சாதன வகையின் வரையறைக்குள்) ஓர் அளவுருவாக வைத்தால், சுவர் நகரும்போது பெட்டியோடு குறியீடும் நகரும். குறியீட்டைத் தாளில் கையால் தனியாக ஒட்டினால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும்.

கோட்டின் கனத்தையும் திரையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கட்டடப் பின்னணியை மங்கலாக்கி மின் கோடுகளை 0.35 மி.மீ. கனத்தில் நிறுத்துவது நல்ல வழக்கம். ஆனால் நம் ஊர் வேலைத்தளங்களில் ஏ1 தாள் பெரும்பாலும் ஏ3 கறுப்பு வெள்ளை ஜெராக்ஸாகத்தான் கைக்கு வருகிறது. நீள அகலம் பாதியாகும்போது 3 மி.மீ. குறியீடு 1.5 மி.மீ. ஆகிறது, மங்கல் சாம்பல் சில இடங்களில் அறவே மறைகிறது. இந்தக் கனங்களை நிர்ணயிக்கும் பார்வை வார்ப்புருவை அந்த ஜெராக்ஸை வைத்தே சோதிக்க வேண்டும்.

மாதிரிகளைப் பகிரும் திட்ட ஆவணங்களில் மோதல் சோதனைக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு. கதவு திறக்கும் பக்கம் மாறினால் மின் குழுவுக்கு யார், எப்போது சொல்வது என்பதற்கு ஒரு வரிகூட இருப்பது அரிது. கதவு திரும்பினால் எதுவும் எதோடும் மோதாது. சோதனை மௌனமாகவே இருக்கும். சுவிட்ச் மட்டும் திறந்த கதவுக்குப் பின்னால் போய்விடும். ஸ்லாப் கான்கிரீட் போட்டபின் அது தெரியவந்தால் சுவரைக் கொத்துவதைத் தவிர வழியில்லை. அந்த ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கட்டடக் கலைஞரின் ஒவ்வொரு மாதிரி வெளியீட்டோடும் மாறிய கதவுகளின் பட்டியல் தனியாக வர வேண்டும்.