கோட்டையூர் வட்டாரத்தின் வடகிழக்குப் பருவமழை

சிவகங்கை மாவட்டம் காரைக்குடிக்கு வடக்கே உள்ள கோட்டையூருக்கு ஆண்டின் பெருமழையைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று. பாக் விரிகுடாக் கரை கிழக்கே ஏறக்குறைய 45 கி.மீ. தொலைவில் இருக்கிறது. வற்றாத ஆறு எதுவும் இப்பக்கம் ஓடாததால், ஆண்டு முழுமைக்கும் வேண்டிய நீரை இந்த மூன்று மாதங்களில் பிடித்து வைத்தாக வேண்டும்.

மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மி.மீ. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. நாகப்பட்டினம் கடற்கரையில் இதே மாதங்களில் ஏறத்தாழ இருமடங்கு பெய்யும். எஞ்சிய மழையில் பெரும்பங்கு ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் இடியோடு இறங்கும் வெப்பச்சலன மழை. பகல் வெயிலில் கருக்கட்டி இரவுக்குள் அது ஓய்ந்துவிடும். ஐப்பசி மழையோ கடலிலிருந்து வருவது. இரவிலும் விடியற்காலையிலும் வலுத்து, சில வேளை நாள்கணக்கில் விடாது பெய்யும்.

பருவமழை சராசரியாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. காற்று திசை மாறினால் மட்டும் மழை வந்துவிடாது. கீழைக்காற்றின் அலைகளும் வங்கக்கடலின் காற்றழுத்தத் தாழ்வுகளும் வர வேண்டும். அவை எந்த வழியாகப் போகின்றன என்பதே கோட்டையூரின் பங்கைத் தீர்மானிக்கிறது. சென்னைக்கு வடக்கே கரை கடக்கும் தாழ்வு ஈரக்காற்றைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ள, கோட்டையூர் அடங்கிய செட்டிநாட்டில் வானம் வெளுத்துக் கிடக்கும். இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு நகரும் தாழ்வே இவ்வட்டாரத்துக்கு நல்ல மழை தருவது. 2018 நவம்பர் 16-இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்கள் வழியாகத் திண்டுக்கல் நோக்கிப் போனது. மக்கள் நினைவில் அது நின்றது காற்றின் சேதத்தால்தான்.

சராசரியை மட்டும் பார்த்து இந்த மழையை எடைபோடக் கூடாது. தமிழ்நாட்டின் பருவச் சராசரி ஏறத்தாழ 440 மி.மீ.; 2016-இல் பெய்தது 168 மி.மீ. மட்டுமே. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2021-இல் பருவமழை சராசரியைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதலாகக் கொட்டியது.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்றபடியே வேளாண்மையும் அமைந்திருக்கிறது. காய்ந்த நிலத்தைப் புழுதிபட உழுது, நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது புழுதி விதைப்பு. பயிர் முதலில் வானத்தை நம்பி வளரும்; கண்மாய் பெருகிய பிறகு மடைநீர் கிடைக்கும். உழவர்கள் மண் நனைந்த ஆழத்தைப் பார்த்து 'ஓர் உழவு மழை' என்று அளக்கிறார்கள். விதைப்புக்கு மில்லிமீட்டரைவிட இந்த அளவே பயன்படும். அரைமணி நேரத்தில் கொட்டி ஓடிய மழையும், இரவெல்லாம் தூறி ஊறிய மழையும் மழைமானியில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். மேல்கண்மாய் நிறைந்தால் நீர் கலுங்கு தாண்டிக் கீழ்க்கண்மாய்க்குப் போகும். வரத்துக்கால் தூர்ந்தோ சீமைக்கருவேலம் மண்டியோ கிடந்தால் நல்ல மழை ஆண்டிலும் கண்மாய் அரைகுறையாகவே நிற்கும். இது மனிதர் உண்டாக்கிய வறட்சி.

செட்டிநாட்டு வீடுகள் கட்டப்பட்டதும் இந்த மழையை எண்ணித்தான். நாட்டு ஓட்டுக் கூரை முற்றத்தை நோக்கிச் சரிந்து இறங்கும்; முதல் மழையில் ஓட்டுத் தூசு கழுவிப் போனபின், தாழ்வாரத்து நீர் விழும் இடத்தில் அண்டாக்களை வைத்துப் பிடிப்பார்கள். மிச்சம் முற்றத்து வடிகால் வழியே தெருவுக்கும், அங்கிருந்து ஊருணிக்கும் சேரும். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றபோது இந்த நீர்ச் சேகரிப்பும் அவற்றின் சிறப்பாகக் குறிக்கப்பட்டது. மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அதற்குப் பல தலைமுறை முன்பே இங்கே அது வழக்கத்தில் இருந்திருக்கிறது.

'கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை' என்ற பழமொழி பெரும்பாலான ஆண்டுகளுக்குப் பொருந்தும். ஜனவரி, பிப்ரவரி மழை வழக்கமாக மிகச் சொற்பம். ஆனால் 2021 ஜனவரி முற்பாதியில் பெய்த தொடர்மழையில் டெல்டாவிலும் தென் மாவட்டங்களிலும் அறுவடைக்கு நின்ற நெற்கதிர்கள் சாய்ந்து முளைவிட்டன. தை மழை களத்துக்குக் கேடு. ஊருணிக்கும் கிணற்றுக்கும் அது கோடைக்கான கூடுதல் இருப்பு.