இரண்டு தாராபுரம், ஒரு கிழங்கு

ஒக்டோபர் பிறந்தால் டொரொன்டோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கட சொந்தக்காரர் பூச்சட்டிகளில் மண் நிரப்பத் தொடங்கிவிடுவார்கள். துலிப், டஃபோடில், குரோக்கஸ் என்று வகைவகையான குமிழ்கள். பார்த்தால் உருண்ட வெங்காயம் மாதிரி. கூர்ப்பக்கம் மேலே வர, குமிழின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் புதைத்து, சட்டியை வெளியிலேயே விட்டுவிட வேண்டும். பனி கொட்டும், மண் இறுகும், எல்லாம் செத்துப்போன மாதிரிக் கிடக்கும். ஏப்ரலில் பூக்கும். இதை மன்னாரில் வைக்க ஏலாதா?

ஏலாது. துலிப் குமிழுக்குள் பூ உருவாகி விழிக்க 12 முதல் 16 கிழமை வரை குளிர் வேண்டும், அதுவும் 9 பாகைக்குக் கீழே. மன்னார்த் தீவில் மார்கழி இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஏமாற்றிப் பூக்கவைக்கிறவர்களும் உண்டு. ஒரு பூவுக்காக மூன்று மாதம் கரண்ட் பில் கட்டுவது எங்களுக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் குமிழோ கிழங்கோ தூங்குவதற்குக் குளிர்தான் வேண்டும் என்றில்லை. எங்கட பக்கத்தில் அவை வெயிலுக்குத் தூங்கும். சித்திரை முதல் புரட்டாதி வரை மேலே ஒரு இலைகூட இல்லாமல் மண்ணுக்குள் கிடந்துவிட்டு, வாடைக்காற்று மழை விழுந்ததும் எழும்பும். ஐரோப்பாவின் இலையுதிர்காலம் எங்களுக்கு வசந்தம். அந்த வசந்தத்தின் பூ கார்த்திகைப்பூ.

கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு என்பதால் கலப்பைக் கிழங்கு, தமிழ்நாட்டில் கண்வலிக்கிழங்கு, சிங்களத்தில் நியங்கலா, சங்கத் தமிழில் காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்குகிற நீண்ட பூப் பட்டியலில் முதலில் வருவது இதுதான். சட்டியில் வைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு விசயம்: வளைந்த கிழங்கின் கை நுனியில்தான் முளை இருக்கும். நுனி முறிந்தால் அந்தக் கை முளைக்காது. படுக்கவைத்து, மேலே மூன்று நாலு விரற்கடை மண் போட்டு, பற்றிப் படர ஒரு தடி ஊன்ற வேண்டும். இலை நுனியே சுருண்டு தடியைப் பிடிக்கும். பூ முடிந்து கொடி காய்ந்ததும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திச் சட்டியை அப்படியே நிழலில் வைத்துவிடலாம். செடி முழுக்க விசம், கிழங்கு கடும் விசம். சின்னப் பிள்ளைகளும் ஆடும் இருக்கிற வீட்டில் வேண்டாம்.

துலிப்புக்கும் இதற்கும் இடையில் ஒரு பழைய தொடர்பும் இருக்கிறது. மத்திய ஆசிய மலைகளிலிருந்து இஸ்தான்புல்லின் சுல்தான் தோட்டங்களுக்கு வந்த துலிப்பை (துருக்கியில் லாலே, பழைய அரபு எழுத்தில் எழுதினால் ‘அல்லாஹ்’ என்ற சொல்லில் இருக்கும் அதே எழுத்துகள்தான் இதிலும்) 1593இல் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்துக்கு வந்த குளூசியஸ் அங்கே நட்டார். நாற்பது வருடத்தில் ஒல்லாந்தரிடம் துலிப் பைத்தியம் பிடித்தது. மண்ணுக்குள் கிடக்கும், யாரும் கண்ணால் காணாத குமிழ்களைக் கடதாசியில் விற்றார்கள், வாங்கினார்கள். 1637 பெப்ரவரியில் விலை சரிந்தது. இருபத்தொரு வருடம் கழித்து, 1658இல், அதே ஒல்லாந்தரின் கம்பனி போர்த்துக்கீசரிடமிருந்து மன்னார்க் கோட்டையைப் பிடித்தது. 1670களில் கம்பனியின் வைத்தியராக இலங்கையில் இருந்த போல் ஹெர்மன் இங்கிருந்து செடிகளைக் காயவைத்துச் சேகரித்தார். பிறகு அதே லெய்டன் தோட்டத்துக்குப் பொறுப்பானார். அவருடைய சேகரிப்பை வைத்துத்தான் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதினார். கார்த்திகைப்பூவுக்கு ‘குளோரியோசா சூப்பர்பா’ என்ற பெயரை அவர் வைத்தது 1753இல். மலைகளில் தானாக முளைத்த துலிப்புக்கும் எங்கட வேலிகளில் தானாகப் படர்ந்த கொடிக்கும் ஒரே ஊரில் பதிவேடு திறந்திருக்கிறார்கள்.

இனி மற்றத் தாராபுரம். தமிழ்நாட்டில் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு தாராபுரம் இருக்கிறது. மன்னார்த் தாராபுரத்தைத் தேடினால் இணையம் முதலில் அங்கேதான் கொண்டுபோகும். அந்தத் தாராபுரமும் பக்கத்து மூலனூரும்தான் கண்வலிக்கிழங்குச் சாகுபடியின் மையம் என்று தெரிந்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது. காட்டுக்கொடியைப் பந்தல் போட்டுக் கம்பியில் ஏற்றி வளர்க்கிறார்கள். சூல்தண்டு மகரந்தப் பைகளிலிருந்து விலகிப் பக்கவாட்டில் வளைந்திருப்பதால், காலையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். பூ ஒன்று பச்சையில் விரிந்து மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, சிவந்து முடியும் சில நாட்களுக்குள் அந்த வேலை நடந்தாக வேண்டும். விதையிலிருந்து எடுக்கிற கொல்சிசின் ‘கௌட்’ எனும் மூட்டுவாத நோய்க்கு மருந்து. விதை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகிறது. விலையை வியாபாரிகள் தீர்மானிக்கிறார்கள், அரசு ஒரு விலை நிர்ணயிக்க வேண்டும் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர் அங்கே ஒரு பணப்பயிர்.

எங்கட தாராபுரத்துக்கு இந்தப் பூவைச் சும்மா பார்க்க முடியாது. மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற முஸ்லிம் கிராமம் இது. 1990 ஒக்டோபரின் கடைசிக் கிழமையில், கிழங்கு முளைக்கிற அதே மழையில், தீவின் முஸ்லிம் சனங்களை விடுதலைப்புலிகள் வெளியேறச் சொன்னார்கள். நகை, பணம், சாமான் எல்லாம் பறிக்கப்பட்டன. கையில் கொஞ்ச உடுப்போடும் கொஞ்சக் காசோடும் கடற்கரையில் மழைக்குள் நின்று, வள்ளம் ஏறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் அந்த நாட்களில் துரத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் பத்திரிகையாளர்களுக்கு முன்னால் அதற்கு மன்னிப்புக் கேட்கப்பட்டது. அடுத்த வருடமே கார்த்திகைப்பூ தமிழீழத்தின் தேசியப்பூவாக அறிவிக்கப்பட்டது.

இதை எழுதினால் இரண்டு பக்கமும் கோபப்படுவார்கள் என்று தெரியும். இந்தப் பூவைக் குத்திக்கொண்டு தன் பிள்ளைக்கு விளக்கு ஏற்றுகிற அம்மாவின் துக்கம் உண்மை. பூவை வரைந்தாலே பொலிஸ் விசாரணை என்பது அநியாயம்தான். அதே பூ மலர்கிற மாதத்தில், வீட்டுத் திறப்பையும் கொடுத்துவிட்டு நடந்த உம்மாவின் துக்கமும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மூட ஏலாது. கார்த்திகைப்பூவைப் பற்றித் தமிழில் வருகிற கட்டுரைகளில் காந்தள் இருக்கும், முருகன் இருப்பார், மாவீரர் இருப்பார்கள். ஒக்டோபர் 1990 மட்டும் இருப்பதில்லை. அந்த மௌனம் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

அகதி வாழ்க்கைக்கும் குமிழ்களுக்கும் ஏதோ ஒட்டு இருக்கிறது போல. இரண்டாம் உலகப் போரில் ஒட்டாவாவில் தஞ்சமிருந்த நெதர்லாந்து இளவரசி யூலியானா, 1945இல் நன்றியாக 1,00,000 துலிப் குமிழ்களைக் கனடாவுக்கு அனுப்பினார். இன்றும் வருடாவருடம் அனுப்புகிறார்கள். கற்பிட்டிக்குப் போன எங்கட சனத்துக்கும் குமிழ்தான் வாய்த்தது, ஆனால் பரிசாக இல்லை, கூலியாக. கற்பிட்டியின் மணல் தோட்டங்களில் சின்ன வெங்காயம் நடுவதும் பிடுங்குவதும் கனபேருக்கு நாட்கூலி ஆனது. கடலும் தோணியும் தெரிந்த கைகள் விதை வெங்காயத்தைத் தெரியப் பழகின: போன போகத்தில் பிடுங்கிக் கட்டித் தொங்கவிட்டு, தூக்கம் கலைந்த குமிழ்தான் சீராக முளைக்கும், பிடுங்கின கையோடு நட்டால் பாதி கிளம்பாது. நட்டு இரண்டு இரண்டரை மாதத்தில் அறுவடை. ஓலைக் கொட்டிலில் இருக்கிறவர்களுக்கு அதுவே நெடுங்காலம்.

2009க்குப் பிறகு திரும்பி வந்த குடும்பங்கள் தாராபுரத்தில் பற்றைக்காட்டை வெட்டித்தான் தங்கட வளவைக் கண்டுபிடித்தார்கள். எல்லாரும் வரவில்லை. புத்தளத்தில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கேயே கல்யாணம் முடித்த பிள்ளைகளுக்கு வாப்பாவின் ஊர் லீவுக்குப் போகிற ஊர். வாக்கு எங்கே பதிவது, காணி உறுதி யார் பேரில், மீள்குடியேற்ற வீடு யாருக்கு என்ற இழுபறி இன்னும் முடியவில்லை. வெட்டிய பற்றைக்குள் எந்தக் கொடி படர்ந்திருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருவர் தொட்டுப் பார்க்காமல் கிடந்தாலும், மழை விழுந்தால் வேலியோரத்தில் கார்த்திகைக் கிழங்கு தன்பாட்டில் எழும்பும்.