முதல் வாரத்தின் வரலாறு

பாடசாலையில் காலைக் கூட்டத்தை நடத்தியவர், சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவர், மாணவத் தலைவிக்கான சின்னத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு நடந்தவர், பல்கலைக்கழகக் கலைப் பீடத்தில் காலடி வைத்த அன்று தலைகுனிந்து நடக்கச் சொல்லப்படுகிறார். என்ன நிறத்தில் உடுப்பது என்பதைக்கூட மூத்த மாணவியொருவர் தீர்மானிக்கிறார். கட்டடங்களையும் அதிபர்களையும் பற்றி இம்மலரில் வேறு பலர் எழுதுவார்கள். பாடசாலைப் படலையைத் தாண்டிய பின் எமது பிள்ளைகளுக்குக் கிடைத்த வரவேற்பின் கதையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் ஆரம்பமானது. அதன் முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். மாணவர் விடுதியில் ஒன்றாக வாழ்ந்து, தம் அலுவல்களைத் தாமே நடத்தப் பழகுவதும் படிப்பின் ஒரு பகுதி என்பது அவரது எண்ணம். 1952 இல் பேராதனையில் அது உருவெடுத்தது. அன்று அங்கே போனவர்கள் சிலரே, பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் பெரிய கல்லூரிகளின் பிள்ளைகள். புதுமுகங்களைச் சீண்டிப் பார்க்கும் வழக்கமும் ஆங்கிலேயப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த சரக்குத்தான் என்பர். 1960 களில் தாய்மொழியில் கலைப் பாடங்கள் படிக்க வழி திறந்தது. கிராமத்துப் பிள்ளைகள் திரளாக உள்ளே வந்தார்கள். பகிடி வதையாகத் தடித்ததும் அதன் பின்னர்தான். ஏழை, பணக்காரர் வித்தியாசத்தை அழித்து எல்லோரையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரவே இது என்று மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அப்படிச் சமமாக்கியதை நான் நம்பவில்லை. கேட்க ஆளில்லாத பிள்ளைதான் எப்போதும் கூடுதலாக அகப்படுகிறாள்.

1975 இல் பேராதனை இராமநாதன் விடுதியில் ஒரு மாணவி, வதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்து, உடல் செயலிழந்தார். பெண்கள் படிக்க வேண்டுமென்று 1913 இல் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியே கட்டியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் பெயர் தாங்கிய விடுதியில் இது நடந்தது. 1997 இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகே பாராளுமன்றம் அசைந்தது. 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதைக்கு 2 வருடம் வரையும், பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ விளைவித்தால் 10 வருடம் வரையும் கடூழியச் சிறை விதிக்க இடமளிக்கிறது. முதல் வார நிகழ்வுகளில் இச்சட்டத்தை வாசித்துக் காட்டுகிறார்கள். மண்டபத்துக்கு வெளியே என்ன நடக்கிறது என்பது வேறு விடயம்.

பெரியநீலாவணை, கவிஞர் நீலாவணனின் ஊர். எமக்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு பல்கலைக்கழகங்கள் கிடைத்தன. வந்தாறுமூலை மகா வித்தியாலய வளாகத்தில் 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமாகி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. விஞ்ஞானமும் விவசாயமும் முதலில் வந்தன, கலை பின்னர்தான். யுத்தத்தில் படிப்பைத் தொடர முடியாது தவித்த முஸ்லிம் மாணவர்களின் தேவையும், அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப்பின் முயற்சியும் சேர்ந்து, 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானது. 1996 மே மாதம் அது முழுமையான பல்கலைக்கழகமாகி, ஒலுவிலில் நிலைகொண்டது. பேராதனைக்கு அனுப்பத் தயங்கிய தகப்பன்மார் ஒலுவிலுக்குச் சம்மதித்தார்கள். எமது கரையோரத்துப் பெண்களுக்கு இந்த ஒரு சம்மதம் எத்தனை பெரிய காரியம் என்பது, அந்நாட்களில் வீட்டில் வாதாடியவர்களுக்குத் தெரியும்.

வரவேற்பு என்றால் வதை மட்டுமல்ல, யாருடைய மேளம் முன்னே போவது என்ற கேள்வியும் உண்டு. 2016 ஜூலை 16 அன்று யாழ். பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புதுமுகங்களை அழைத்துவரும் ஊர்வலத்தில், வழமையான நாதஸ்வரம், தவிலுடன் கண்டிய நடனமும் இடம்பெற வேண்டுமென்று சிங்கள மாணவர்கள் விரும்பினார்கள். அது கைகலப்பாகி, பல்கலைக்கழகத்தையே மூடவேண்டி வந்தது. இத்தகைய வேளையில்தான் மாணவர் தலைமை என்பது பரீட்சிக்கப்படுகிறது. ஊர்வலத்துக்கு முதல் வாரமே இரு தரப்பையும் ஒரு மேசையில் இருத்துவதற்கு ஆள் வேண்டும்.

அந்த மேசையில் பெண்கள் எங்கே? கலைப் பீடங்களில் பெண்களே பெரும்பான்மை. ஆனாலும் மாணவர் ஒன்றியத் தலைவர் பதவி பெரும்பாலும் ஆண்களிடமே போய்ச் சேருகிறது. பெண்ணுக்கு உபதலைவரோ இதழாசிரியரோ. பாடசாலையில் 13 வருடம் எல்லாப் பொறுப்பையும் பெண்களே சுமந்த எமக்கு இது விசித்திரமாகப்படுகிறது. ஒன்றியக் கூட்டம் இரவில் வைக்கப்படுவதும், விடுதிக் கதவு நேரத்தோடு பூட்டப்படுவதும் இதற்குப் போதுமான காரணங்கள். தகைமையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

கொரோனா காலத்தில் முதல் வாரம் சூமுக்குள் நடந்தது. வதையும் பின்னாலேயே கைத்தொலைபேசிக்குள் வந்தது, நள்ளிரவுக் குழு அழைப்பாக. இப்போது முறைப்பாடு செய்யப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குத் தொலைபேசியும் இணைய வழியும் உண்டு. ஆனால் புதிதாக வருபவள் முதலில் தேடுவது தெரிந்த முகத்தைத்தான். மஹாபொல விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது, ஆங்கில வகுப்பைத் தவறவிட்டால் என்னவாகும், முதல் வருடப் பெறுபேறு சிறப்புக் கற்கைக்கு ஏன் முக்கியம் என்பவற்றை அவளுக்குச் சொல்ல வேண்டும். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பேராதனையிலும் இன்று படிக்கும், படிப்பிக்கும் எமது பழைய மாணவியர் தம் பெயரைச் சங்கச் செயலாளரிடம் தந்தால், அனுமதிப் பட்டியல் வெளியாகும் வாரத்திலேயே அப்பெயர்களைப் பிள்ளைகளிடம் சேர்த்துவிடலாம்.