காசை மிச்சம் பிடிக்க ஒரு பட்டறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியோடு எனக்கு இருக்கும் அனுபவம் பொருட்காட்சியில் பலூன் சுட்டதோடு சரி. அதிலும் பாதி பலூன் தப்பித்துவிட்டது. இந்தக் கட்டுரைக்குக் காரணம் வேறு. பல வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் ஆன்சைட்டில் இருந்தபோது, டீமில் இருந்த ஒருவர் தன் வீட்டு கராஜைக் காட்டினார். ஒரு நீள மேசை, அதில் போல்ட் போட்டு இறுக்கிய இரண்டு இரும்பு பிரஸ், கண்ணாடி மூடி போட்ட தராசு, வரிசையாக டப்பாக்கள். சுட்டு முடித்த தோட்டாக் கூட்டில் மறுபடியும் மருந்தும் குண்டும் போட்டு நிரப்புகிற ரீலோடிங் பட்டறை. "பதினைந்து வருஷமா இதுல காசு மிச்சம் பண்றேன்" என்றார். பின்னால் நின்ற அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது என்பது பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது.

ஒரு தோட்டாவில் நான்கு பாகம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, தலையில் குண்டு. சுட்டதும் மூன்று போய்விடும், கூடு மட்டும் கையில் நிற்கும். பெரும்பாலும் நான்கில் விலை அதிகமானதும் அதுதான். அதைத் தூக்கிப் போட மனசு வராதவர்கள் ஆரம்பித்ததே இந்தத் தொழில். 1870களில் அமெரிக்கச் சமவெளியில் எருமை வேட்டையாடியவர்கள் ஈயத்தையும் மருந்தையும் மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் முகாமில் உட்கார்ந்து மறுநாளைக்கான தோட்டாவைத் தாங்களே நிரப்பினார்கள். (அந்த வேட்டையில் எருமை இனமே அழிவின் விளிம்புக்குப் போனது தனிக்கதை.)

இந்த இடத்தில் ஒரு சின்ன எஞ்சினியரிங் விஷயம். 1866ல் இரண்டு பேர் இரண்டு விதமாக பிரைமரை வடிவமைத்தார்கள். இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்ஸர் செய்ததில் கூட்டின் அடியில் நடுவில் ஒரே ஓட்டை. உள்ளே ஒரு கம்பியை விட்டுத் தட்டினால் பழைய பிரைமர் வெளியே விழுந்துவிடும். அமெரிக்கர் ஹைரம் பெர்டான் செய்ததில் பட்டறைக்கல் மாதிரியான சின்ன முனை கூட்டோடு சேர்ந்தே இருக்கும், ஓட்டைகள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. கம்பி போகாது. வேடிக்கை என்னன்னா, ஆங்கிலேயர் வடிவம் அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கர் வடிவம் ஐரோப்பிய ராணுவங்களுக்குப் போனது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு ரீலோடிங் பரவியதற்கு அந்த ஒற்றை ஓட்டை ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. ஓப்பன் ஸ்டாண்டர்டு, மூடிய ஸ்டாண்டர்டு என்று நாம் ஆபீஸில் சண்டை போடுவது மாதிரிதான்.

1884ல் ஜான் பார்லோ என்பவர் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் ஐடியல் என்ற பெயரில் கம்பெனி ஆரம்பித்து, ஒரு கைக்கருவி விற்றார். படத்தைப் பார்த்தால் நமக்குப் பாக்குவெட்டிதான் ஞாபகம் வரும். இரண்டு பிடி, நடுவில் கூட்டை வைத்து அழுத்த இடம். சில மாடல்களில் நுனியிலேயே ஈயம் ஊற்றும் அச்சும் உண்டு. மொத்தப் பட்டறையும் சட்டைப்பையில். கூடவே எப்படிச் செய்வது என்று ஒரு கையேடும் போட்டார். 1925ல் ஐடியல் லைமன் கம்பெனியின் கைக்குப் போனது. பாக்குவெட்டி அதற்குப் பிறகும் பல பத்தாண்டு விற்றது.

அப்போதே இன்னொரு பக்கமும் இருந்தது. மாசசூசெட்ஸில் ஃபிராங்க்ளின் மான் என்று ஒரு டாக்டர். குண்டு ஏன் ஒரே இடத்தில் போய் விழ மாட்டேன் என்கிறது என்ற ஒரே கேள்வியோடு பல வருடம் உட்கார்ந்தார். துப்பாக்கி ஆடாமல் இருக்க கான்கிரீட்டில் பீடம் கட்டி, அதற்கு 'ஷூட்டிங் ஜிப்ரால்டர்' என்று பெயர் வைத்தார். குண்டு போகிற வழி முழுக்கக் காகிதத் திரைகள் கட்டி, எங்கே தள்ளாடுகிறது என்று ஒவ்வொரு திரையாகப் பார்த்தார். குழல்கள் அந்தக் காலத்தின் பெரிய கைவினைஞர் ஹாரி போப் செய்தவை. இவ்வளவுக்கும் பணம்? கோழித் தீவனத்துக்கு எலும்பு நறுக்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து விற்றதில் அவருக்கு நல்ல வருமானம். 1909ல் முடிவுகளைப் புத்தகமாகப் போட்டார். இவர் காசை மிச்சம் பிடிக்க வந்தவர் இல்லை. ஆனால் பிற்காலத்து கராஜ்களில் பார்லோவின் கஞ்சத்தனமும் மானின் பைத்தியமும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. விலை ஏறியதற்குக் காரணம் அந்தக் கூட்டணிதான் என்று எனக்குப் படுகிறது.

இரண்டாம் உலகப்போர்க் காலம்தான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. தாமிரம் எல்லாம் போருக்குப் போனதால் சாதாரண மக்களுக்குத் தோட்டாவும் இல்லை, குண்டும் இல்லை. 1943ல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊரில், குடும்பத்து சலவைக் கடையின் பின்பக்க அறையில் ஃபிரெட் ஹண்டிங்டன் ஒரு வேலை பார்த்தார். .22 தோட்டாவில் பிரைமர் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். சுட்டால் விளிம்பு நசுங்கிவிடும், மறுபடி நிரப்பவே முடியாது. சுத்தக் குப்பை. அந்தக் குப்பையை அச்சில் கொடுத்து அழுத்தி, உள்ளே ஈயம் வைத்து, வேறு துப்பாக்கிக்கான குண்டுக்கு மேலுறையாக மாற்றினார். ராக் சக் என்பது அங்கே மலைப்பகுதியில் வாழும் மார்மட் என்ற பிராணி. அதைச் சுடுகிறவர்களுக்கான குண்டு அச்சு என்பதால் 'ராக் சக் புல்லட் ஸ்வேஜ்', சுருக்கமாக ஆர்சிபிஎஸ். இன்றைக்கும் ரீலோடிங் கடைகளில் பச்சைப் பெயின்ட் அடித்த பிரஸ் இருந்தால் அது அந்தச் சலவைக் கடை வாரிசு. ஐடஹோவில் வெர்னன் ஸ்பியரும் இதே .22 கூட்டு வித்தையில்தான் ஆரம்பித்தார்.

போர் முடிந்ததும் தலைகீழ். அரசாங்கத்திடம் மருந்து மலையாகக் குவிந்து கிடந்தது. கான்சாஸில் புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி, 4895 என்ற மருந்தில் 50,000 பவுண்டு வாங்கிப் போட்டார். மேய்ச்சல் நிலத்தில் நிறுத்திய பழைய ரயில் பெட்டிதான் கிடங்கு. 'அமெரிக்கன் ரைபிள்மேன்' பத்திரிகையில் ஓரங்குல விளம்பரம். விலை பவுண்டுக்கு 75 சென்ட். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஒரு தோட்டாவுக்கு 50 கிரெய்ன் என்று கணக்குக்கு வைத்தால் 140 தோட்டா, ஒன்றுக்கு அரை சென்ட் சொச்சம். தோட்டா சுடுவது சாமானியனின் பொழுதுபோக்காக மாறியதில் இந்த அரை சென்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1958ல் விஸ்கான்சினில் ரிச்சர்ட் லீ இன்னும் ஒரு படி இறங்கி, பிரஸ்ஸே வேண்டாம், சுத்தியலால் தட்டினால் போதும் என்று சின்ன டப்பாவில் அடங்கும் கிட் ஒன்றைக் கொண்டுவந்தார்.

அப்புறம் எங்கே விலை ஏறியது? மான் டாக்டரின் கேள்வியை எல்லாரும் கேட்க ஆரம்பித்தபோது. நம்ம குன்றிமணி சுமார் 2 கிரெய்ன். சாதாரண ரீலோடிங் தராசு 0.1 கிரெய்ன் காட்டும், அதாவது குன்றிமணியில் இருபதில் ஒரு பங்கு. அது போதாது என்று 0.02 கிரெய்ன் காட்டும் ஆய்வக தராசு, அதில் ஒவ்வொரு துணுக்காகக் கொட்ட ஒரு மோட்டார். இன்னொரு பக்கம் வேகம். அரிசோனாவில் மைக் டில்லன் என்ற விமானி, மெஷின் கன் பிரியர், கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா வந்து விழுகிற மாதிரி பிரஸ் செய்து விற்றார். இந்த வகையில் மேல்தட்டு மாடல்கள் இன்று ஆயிரம் டாலரைத் தாண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

தோட்டாவுக்கு 20 சென்ட் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். 400 டாலர் கருவி என்றால் 2,000 தோட்டாவில் முதல் திரும்பிவிடும். 2,500 டாலர் பட்டறைக்கு 12,500 தோட்டா. அதற்குள் மேசைக்குப் புதிதாக ஒன்று வந்திருக்கும். தோட்டா விலை குறைந்தால் கை தானாக இன்னும் நாலு தோட்டா சுடும் என்பதையும் இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. வெட் கிரைண்டர் வாங்கினவர்கள் வீட்டில் இட்லிச் செலவு குறைந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

(நம் நாட்டில் யாரும் இதைப் படித்துவிட்டு முயற்சி செய்ய வேண்டாம். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.)

கருவி விலையை நான் இவ்வளவு பேசினாலும், கழுத்தைப் பிடிக்கிற இடம் அது இல்லை. கூடு திரும்ப வரும். குண்டை ஈயத்தில் வார்க்கலாம். பிரைமர் மட்டும் கராஜில் செய்யும் பொருள் அல்ல. அமெரிக்காவில் அதைச் செய்யும் பெரிய பெயர்கள் நான்குதான்: சிசிஐ, ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன். 2020ல் ரெமிங்டன் திவாலாகி, அதன் தோட்டாத் தொழில் சிசிஐயும் ஃபெடரலும் ஏற்கெனவே வைத்திருந்த விஸ்டா கம்பெனிக்கே போனது. நான்கில் மூன்று ஒரே கையில். 2024 கடைசியில் அந்த மூன்றும் சேர்த்து ஒரு செக் நாட்டுக் குழுமத்துக்கு விற்கப்பட்டன. 2020, 2021ல் தட்டுப்பாடு வந்தபோது, ஆயிரம் 30 டாலர் சொச்சத்துக்குக் கிடைத்த பிரைமர் நூறு டாலரைத் தாண்டியது. அதுவும் கிடைத்தால்தான்.

அந்தச் சமயத்தில் கராஜ்காரர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். இரண்டு பிரஸ் மூன்றாகியிருந்தது, தராசு புதுசு, டப்பா நிறைய கழுவி மினுக்கிய பித்தளைக் கூடுகள். கீழே ஒரே வரி: ஆறு மாதமாக பிரைமர் இல்லை, மேசையில் இப்போது மனைவி தக்காளி நாற்று வைத்திருக்கிறாள்.