பள்ளியை நாடி வந்த குடும்பங்கள்

ஆலயமணி காதில் விழும் தொலைவில் குடியிருக்க வேண்டும் என்பது நம் முன்னோரின் விருப்பம். காலப்போக்கில் பள்ளிமணியும் கேட்க வேண்டும் என்னும் விருப்பம் அதனுடன் சேர்ந்துகொண்டது. தமிழகத்தின் பல நகரப் பங்குகள் வளர்ந்த வரலாற்றில் இவ்விரு மணிகளுக்கும் பங்குண்டு.

1844-இல் இயேசு சபைக் குருக்கள் நாகப்பட்டினத்தில் புனித சூசையப்பர் கல்லூரியைத் தொடங்கினர். 1883-இல் அது திருச்சிராப்பள்ளிக்கு இடம் மாறியது. கல்லூரி சென்ற திசையில் மாணவர்களும் சென்றனர். தெப்பக்குளத்தை அடுத்த பகுதி கல்விக்குப் பெயர்பெற்ற இடமாயிற்று. 1923-இல் திருச்சியில் மகளிருக்கெனத் திருச்சிலுவைக் கல்லூரி எழுந்தபின், மகனையும் மகளையும் ஒரே ஊரில் படிக்கவைக்கப் பெற்றோர்க்கு வழி பிறந்தது.

தெற்கே பாளையங்கோட்டையின் கதையும் இத்தகையதே. 1820-இல் அங்கு வந்த ரேனியுஸ் ஐயர் முதலான பிரிவினை சபை ஊழியர் பள்ளிகளை நிறுவினர். பெண்களுக்கெனச் சாராள் தக்கர் கல்லூரி 1895-இல் உருவாயிற்று. 1923-இல் இயேசு சபையார் தூய சவேரியார் கல்லூரியைத் தொடங்கினர். சபைகள் பலவாயினும் கல்விப் பணியில் ஒன்றையொன்று விஞ்ச முயன்றதால், 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்னும் பெயர் அவ்வூருக்கு நிலைத்தது. பிள்ளைகளின் படிப்புக்காகவே அங்கு வீடு பிடித்த குடும்பங்கள் பல.

எல்லாரும் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு வர இயலாதே! நிலமும் கடலும் பிழைப்பாய் இருந்தோர் பிள்ளையை மட்டும் விடுதிக்கு அனுப்பினர். முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்கும், பின்னர் திருச்சி சூசையப்பர் கல்லூரிக்கும் சென்று படித்தவர். குடும்பம் பெயரவில்லை, பிள்ளை பெயர்ந்தான்.

பள்ளியையே பிள்ளையிடம் கொண்டுசெல்லும் முயற்சியும் நடந்தது. காமராசர் ஆட்சியில் சிற்றூர்கள்தோறும் பள்ளிகள் பெருகின. 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. 2009-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 2010-இல் வகுத்த நடுவண் அரசின் விதிகள், தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்றன.

தனியார் பள்ளிகள் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பில் விலக்கு உண்டு. நம் மனச்சான்றுக்கு விலக்கு இல்லை. வீடு மாற வசதியற்ற ஏழையின் பிள்ளைக்கு நம் பள்ளிகளில் இடம் இருக்கிறதா என்பதை இந்த யூபிலி ஆண்டில் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். வசதியுள்ளோர் ஒவ்வொருவராக ஊரைவிட்டு வெளியேறினால், அங்குள்ள பள்ளிக்காகக் குரல் கொடுக்க ஆளில்லாமல் போகும் என்பதையும் மறத்தலாகாது.

இன்றும் நம் பங்கிற்குப் புதிதாய்க் குடிவருவோர், ஆலயம் எங்கே என்று கேட்கும் முன்பே பள்ளி எங்கே என்று கேட்கின்றனர். அதில் குறை காண்பதற்கில்லை. பிள்ளைகளின் முதல் ஆசிரியர் பெற்றோரே என்றும், பள்ளியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாய்க் கூறிற்று.

ஆயினும், பெற்றோர் பள்ளியின் பெயரை மட்டும் பார்த்துவிடக் கூடாது. பிள்ளை நடந்து செல்லும் தொலைவா? வீட்டு வாடகையும் கட்டணமும் சேர்ந்து குடும்பத்தைக் கடனில் தள்ளுமா? ஆசிரியர்கள் நிலைத்துப் பணியாற்றுகின்றனரா? படிப்பில் பின்தங்கிய பிள்ளையை அணைத்துக்கொள்கின்றனரா? பொதுத்தேர்வு ஆண்டின் நடுவில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் பிள்ளையை அலைக்கழிப்பது தேவைதானா? இவற்றை அவ்வூரில் ஏற்கெனவே வாழும் தாய்மாரிடம் கேட்டறிவது விளம்பரப் பலகையைப் படிப்பதினும் மேலானது.

அந்தத் தாய்மார் நம் பங்கிலும் இருக்கின்றனர். புதிய குடும்பத்திற்கு அன்பியத்தார் வழிகாட்டட்டும். பள்ளி முடிந்த மாலையில் ஏழைப் பிள்ளைகள் விளக்கொளியில் அமர்ந்து படிக்க நம் பங்கு மன்றத்தின் கதவு திறந்திருக்கட்டும். யூபிலியின் நினைவாகக் கல்வெட்டு ஒன்று போதும். கல்வி பெற்ற பிள்ளைகள் பலர் வேண்டும்.