நோட்டு இல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். எத்தனை குழு, எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு வங்கிக் கடன் என்ற கணக்கெல்லாம் மற்ற பக்கங்களில் வந்துவிடும். நான் எழுதப் போவது எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஒரு வேலையைப் பற்றி. கஷ்டத்தில் இருக்கிறவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற வேலை. அதுக்கும் வரலாறு இருக்கிறது. நம் ஊரையும் தொட்டுப் போகிற வரலாறு.

முதலில் நம்ம கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஸ்ரீரங்கத்தில் ரெங்கநாதர் கோயில் பக்தர்களுக்கு மூடப்பட்டது. செப்டம்பர் 1-ஆம் தேதிதான் மறுபடி திறந்தார்கள். அந்த அஞ்சு மாதமும் பூ கட்டுகிறவர்கள், தேங்காய்க்கடை, பொம்மைக்கடை, யாத்திரை வருகிறவர்களுக்கு இட்லி சுட்டு விற்கிறவர்கள் எல்லோருக்கும் பிழைப்பு இல்லை. திருச்சி காந்தி மார்க்கெட்டையும் பொன்மலை ஜி கார்னருக்கு மாற்றிவிட்டார்கள். அதை நம்பிக் காய் வாங்கி விற்ற பெண்களும் தவித்துப் போனார்கள்.

எங்கள் குழுவில் பூ கட்டிப் பிழைக்கும் அக்கா ஒருவர் இருந்தார். தளர்வு வந்து மறுபடி கூட்டம் போட ஆரம்பித்ததும் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு அவர் வரவில்லை. நம்ம விதிப்படி, வராத கூட்டம் ஒவ்வொன்றுக்கும் 10 ரூபாய் அபராதம். நோட்டில் எழுதியது நான்தான்.

நாலாவது கூட்டத்தில் எங்கள் குழுவிலேயே மூத்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், "இருங்கடி, நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று எழுந்தார். "நோட்டை எடுத்துக்கிட்டுப் போங்க பெரியம்மா" என்றேன். "நோட்டு எதுக்குடி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். பூண்டு உரித்துக் கொடுத்தாராம். கடன் பேச்சையே எடுக்கவில்லை. அந்த அக்கா நாலு இடத்தில் வாங்கியிருந்தார். குரூப் லோன் வசூலுக்கு வந்தவர் வாசலில் நின்று சத்தம் போட, தெருவே வேடிக்கை பார்த்திருக்கிறது. அதுக்கப்புறம் அவர் தண்ணி பிடிக்கக்கூட வெளியே வரவில்லை. இனி உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு வரைக்கும் போயிருந்தார். அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

ரொம்ப நாள் கழித்து அவரே என்னிடம் சொன்னார்: "பெரியம்மா கடனைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. சாப்டியான்னு கேட்டாங்க. அதான் சொல்லத் தோணுச்சு."

துக்கம் கேட்கிற ஊர்

நமக்கு இது புதுசு கிடையாது. சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போவது நம் வழக்கம். "கேட்க" என்றுதான் சொல்கிறோம், கவனித்தீர்களா? அங்கே போய் யாரும் புத்தி சொல்வதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறோம். அழுகிறவளோடு சேர்ந்து அழுகிறோம். அவள் நூறு தடவை சொன்னதையே திரும்பச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறோம்.

ஆனால் கடன்பட்ட வீட்டுக்கும் வேலை போன வீட்டுக்கும் யாரும் துக்கம் கேட்கப் போவதில்லை. போனால் வேவு பார்க்க வந்ததாக நினைப்பார்களோ என்று நமக்குத் தயக்கம். சொன்னால் மானம் போய்விடும் என்று அவளுக்குப் பயம். இப்படித்தான் பணக் கஷ்டம் வந்த வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறது. அந்தக் கதவைத் தட்டுவதையே வேலையாக எடுத்துக்கொண்ட சாதாரண ஜனங்களின் கதைதான் இனி வருவது.

டீ கொடுத்தவர்கள்

1935-இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் ஒரு சிறுமியின் அடக்கத்தை நடத்தி வைத்தார். வயசுக்கு வந்ததை ஏதோ கெட்ட நோய் என்று பயந்து உயிரை விட்ட பிள்ளை. கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். அது அவர் மனசை விட்டுப் போகவேயில்லை.

1953 நவம்பரில் லண்டனில் தன் தேவாலயத்தில் ஒரு டெலிபோனை வைத்து, வாழப் பிடிக்காதவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். நேரிலும் நிறைய பேர் வந்தார்கள். உதவிக்கு வந்த தன்னார்வலர்கள், காத்திருந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துப் பேச்சுத்துணையாக உட்கார்ந்தார்கள். கொஞ்ச நாளில் பாதிரியார் ஒன்றைக் கவனித்தார். வந்தவர்களில் பலர் அவரைப் பார்க்காமலே நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள். டீ கொடுத்தவர்களிடமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்கள்! சில மாதங்களில் கேட்கும் வேலையை முழுக்கத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு பிறந்த கதை இது. அதே வழியில் 1974-இல் கொழும்பில் 'சுமித்ரயோ' தொடங்கியது.

நம் தமிழ்நாட்டில் 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'சிநேகா' அமைப்பைத் தொடங்கினார். அங்கேயும் கேட்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான். காசு வாங்குவதில்லை. சொன்னது வெளியே போகாது. எந்த மதம், எந்த சாதி என்ற கேள்வி இல்லை.

அந்தக் காலத்தில் இதைத் தொடங்குவது லேசான காரியம் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரைச் சட்டம் குற்றவாளி என்றது. இந்திய தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்று குடும்பங்கள் விஷயத்தை மறைத்தன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்தான், அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அந்த 309-ஆம் பிரிவே இல்லை. நம்மில் பலருக்கு இன்னும் பழைய பயம் இருப்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

சிநேகாவின் வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது பரீட்சை விஷயம். பரீட்சை முடிவு வரும் நாட்களில் பிள்ளைகளின் அழைப்புகள் குவியும். ஒரு பாடத்தில் போனாலும் ஒரு வருஷம் போய்விடுமே என்ற பயம். போனில் ஆறுதல் சொல்வதோடு அவர்கள் நிறுத்தவில்லை. பெயிலான பிள்ளை அதே வருஷம் மறுபடி எழுத வழி வேண்டும் என்று எடுத்துச் சொன்னார்கள். துணைத் தேர்வு வந்ததில் அந்தக் குரலுக்கும் பங்கு உண்டு. ஒரே அழுகையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கு எந்த விதி அழ வைக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது.

2004 சுனாமிக்குப் பிறகு சென்னைக் கடற்கரையில் உறவைப் பறிகொடுத்த குடும்பங்களிடமும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் போய் உட்கார்ந்து கேட்டார்கள். படகும் வலையும் வருமானமும் சேர்ந்து போன நேரம் அது. அந்தத் துணை பலன் தந்ததாக 2008-இல் ஆய்வும் வெளிவந்தது.

பாட்டிமார் பெஞ்சு

பணக் கஷ்டமும் மனக் கஷ்டமும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டுப் பாட்டிமார் ஒரு வழி காட்டினார்கள். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சையில் இருந்த ஓர் இளம்பெண், அவரிடம் வர பஸ் செலவுக்கு 15 டாலர் இல்லாததால் வர முடியாமல் இறந்து போனாள். வர முடியாதவர்கள் இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 2006-இல் ஹராரே நகரத்தில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்து மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்தார்.

அடுத்த ஓரிரு வருஷத்தில் அந்த நாட்டில் விலைவாசி எகிறி, பணம் வெறும் காகிதம் ஆனது. பாட்டிமார் கேட்பதை நிறுத்தவில்லை. அங்கே இந்த நோவுக்கு மக்கள் வைத்திருக்கும் பெயருக்கு "ரொம்ப யோசிப்பது" என்றுதான் அர்த்தமாம். நாமும் "ரொம்ப யோசிக்கிறா" என்றுதானே சொல்கிறோம்! 2016-இல் வெளிவந்த ஆய்வில் 573 பேரைக் கவனித்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 50 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பாட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குத்தான் இருந்தது.

நம் நாட்டிலும் மகாராஷ்டிராவின் நாசிக் மாவட்டத்தில் 2013-இல் 'ஆத்மீயதா' என்ற திட்டம் தொடங்கியது. அதில் கேட்பவர்களாகப் பயிற்சி பெற்றவர்களில் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்களே இருந்தார்கள்.

நம்ம கணக்கு

இப்போது நம் பக்கம் பார்ப்போம். தமிழ்நாட்டில் குழுக்கள் 1989-இல் தர்மபுரியில் தொடங்கின. 1992-இல் நபார்டு 500 குழுக்களோடு வங்கி இணைப்பைச் சோதித்துப் பார்த்தது. 1997-98-இல் மகளிர் திட்டம் வந்து குழுக்கள் எங்கும் பரவின. ஏறக்குறைய அதே சமயத்தில்தான், 1990-களின் பின்பகுதியில், மாவட்ட மனநலத் திட்டமும் தமிழ்நாட்டில் முதல்முதலாக நம்ம திருச்சி மாவட்டத்தில் தொடங்கியது. இரண்டும் ஒரே ஊரில் வளர்ந்தன. ஆனால் நம் கூட்டத்தில் அதைப் பற்றி எத்தனை தடவை பேசியிருப்போம்?

கஷ்ட காலம் நமக்குக் குறைவில்லை. செயற்கை வைரம் பட்டை தீட்டிய வீடுகளில் வெளிநாட்டு மெஷின் கல் வந்து வேலை சுருங்கியது. 2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்றார்கள். 2017 ஜனவரியில் எல்லா மாவட்டமும் வறட்சி பாதித்தது என்று அரசே அறிவித்தது. அப்புறம் கொரோனா. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிக் கட்ட அனுமதி தந்தது. ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறியது. இது தெரியாமல் தவித்தவர்கள் ஏராளம்.

ஒரு கசப்பான உண்மையையும் இந்த மலரில் எழுதத்தான் வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் எல்லோரும் கட்ட வேண்டும் என்பது குரூப் லோன் கூட்டுப் பொறுப்பு. அதனால் வாசலில் போய் நின்றவர்களில் சில நேரம் நாமும் இருந்தோம். 2010-இல் ஆந்திராவில் சிறுகடன் நெருக்கடியில் உயிர்கள் போய், அரசு அவசரச் சட்டம் போட்டது. 2025-இல் நம் தமிழ்நாட்டிலும் மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வெளியாளைத் தடுக்கும். நம்ம நாக்கை நாம்தான் தடுக்க வேண்டும்.

என்ன மாற்றினோம்

அந்தப் பூ கட்டும் அக்கா திரும்பி வந்த பிறகு எங்கள் குழுவில் மூன்று தீர்மானம் எழுதினோம்.

முதலாவது, அவருக்குப் போட்ட 30 ரூபாய் அபராதத்தை அடித்தோம். காரணம் தெரியாமல் இனி யாருக்கும் அபராதம் இல்லை. இரண்டாவது, தொடர்ந்து இரண்டு கூட்டம் வராதவர் வீட்டுக்கு இரண்டு பேர் போய்ப் பார்க்க வேண்டும், நோட்டு இல்லாமல். மூன்றாவது, கடன் பேச்சு வேறொரு நாள். அன்றைக்கு ஊக்குநர் போய்த் தவணையை எப்படிப் பிரித்துக் கட்டலாம் என்று பேசுவார்.

போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியதும் சில உண்டு. "எனக்கு வந்ததை விடவா" என்று நம்ம கதையை ஆரம்பிக்கக் கூடாது. "பிள்ளைங்க முகத்தைப் பாரு" என்று வாயை அடைக்கக் கூடாது. "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வராது, சொல்ல வழிதான் கிடைக்கும். ஆமாம் என்றால் அவளைத் தனியே விட்டுவிட்டு வரக் கூடாது. அந்த ஒரு விஷயத்தை மட்டும் ரகசியம் என்று நமக்குள் வைத்துக்கொள்ளாமல், அவளிடம் சொல்லிவிட்டே உதவியைக் கூப்பிட வேண்டும். நாம் டாக்டர் இல்லை. புத்தூர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகலாம். 104, 14416 எண்களில் மனநல ஆலோசனை கிடைக்கும். அடி, உதை, கொடுமை என்றால் 181. சிநேகாவின் எண் 044-24640050. இவற்றை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கேட்டுவிட்டு வந்தவளுக்கும் மனசு பாரமாக இருக்கும். அதனால்தான் இரண்டு பேராகப் போகச் சொல்கிறோம். திரும்பும் வழியில் ஒரு டீ குடித்துவிட்டு, ஒருத்தி பாரத்தை ஒருத்தி கேட்டுக்கொண்டு வாருங்கள்.

அந்தப் பெரியம்மா இப்போது இல்லை. தீர்மான நோட்டில் அவர் கைநாட்டு மட்டும் இருக்கிறது. அந்த அக்கா சாத்தார வீதியில் மறுபடி பூ கட்டுகிறார். கடன் முழுசும் தீர்ந்துவிடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வருகிறார். போன மாதம் ஒரு தங்கச்சி இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. யார் போகிறீர்கள் என்று நான் கேட்டு முடிக்கும் முன்னே, பூக்கூடையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தது அந்த அக்காதான்.