சுயவெளியீடு, தமிழ்ப் பதிப்புலகில்

நூலை எழுதியவரோ தொகுத்தவரோ தாள், அச்சுக்கூலி, பைண்டிங், விற்பனை ஆகியவற்றின் செலவையும், நேர்ந்தால் நட்டத்தையும் தாமே ஏற்று வெளியிடும் முறை சுயவெளியீடு எனப்படும். பதிப்பாளர் மறுத்த நூலுக்கு இதுவே கடைசிப் புகலிடம் என்ற எண்ணம் இன்று பரவியிருப்பினும், தமிழில் அச்சு நூல் வளர்ந்த வழி பெரிதும் இதுவேயாகும். ஆசிரியரிடமிருந்தும் அச்சகத்தாரிடமிருந்தும் வேறுபட்ட ஒரு தொழிலராகப் பதிப்பாளர் நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டில்தான்.

இந்தியர் அச்சகம் நடத்துவதற்கிருந்த தடைகளை 1835ஆம் ஆண்டின் மெட்காஃப் சட்டம் நீக்கியபின், எழுதுவோரே அச்சகத்தாராகவும் ஆயினர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையில் அச்சு இயந்திரம் வாங்கிச் சென்று, வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவித் தம் பாடநூல்களைத் தாமே அச்சிட்டார். அச்சகம் வைக்க வசதியற்றோர் கையொப்பத்தை நம்பினர். நூல் அச்சேறுமுன்பே வாங்க இசைந்தவர்களின் பெயரைப் பதிந்து, இயன்றவர்களிடம் முன்பணமும் பெற்று, அதைக்கொண்டு வேலையைத் தொடங்குவதே கையொப்ப முறை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டது இவ்வழியில்தான். கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்துகொண்டே, ஏடுகளின் பாடபேதங்களை ஒப்பிடுவது, சென்னையில் அச்சான படிவங்களின் புரூஃபைத் திருத்துவது, கையொப்பக்காரரைத் தேடுவது ஆகிய மூன்று பாரங்களையும் அவரே சுமந்தார். பழந்தமிழ் நூல்கள் மீண்ட வரலாற்றைப் புலமையின் வரலாறாக மட்டும் சொல்வது போதாது. கடனும் தாள்விலையும் அதில் சரிபாதி.

இம்முறையின் உச்சமும் தோல்வியும் சுப்பிரமணிய பாரதியிடம் காணக்கிடைக்கின்றன. 1920இல் கடையத்திலிருந்து அவர் நண்பர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடும் திட்டத்தை விவரித்து, அதற்கான முதலைக் கடனாகக் கேட்டது. கொடுப்போருக்குப் புரோநோட்டு எழுதித் தரவும் வட்டி செலுத்தவும் அவர் ஆயத்தமாக இருந்தார். போதிய கடன் கிடைக்கவில்லை. 1921இல் அவர் மறைந்தபின், அவர் மனைவி செல்லம்மா பாரதி தொடங்கிய பாரதி ஆச்ரமம் 1922இல் சுதேச கீதங்களை வெளியிட்டது. ஆசிரியரால் இயலாததை அவர் குடும்பம் கையிலெடுத்தது.

பின்னர்ப் பதிப்பகங்கள் பெருகின. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தால் விரிந்த நூலகங்களின் கொள்முதல் அவற்றுக்கு நிலையான வாங்குநரைத் தந்தது. அச்சந்தைக்குள் அடங்காத எழுத்து மீண்டும் ஆசிரியரின் தோளுக்கே வந்தது. சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி, எழுத்து பிரசுரத்தின் மூலம் வெளியிட்ட நூல்களைத் தாமே கல்லூரி கல்லூரியாகச் சுமந்து விற்றார். அவர் சொந்தமாக வெளியிட்ட ‘சுதந்திர தாகம்’ நாவலுக்கு, அவர் மறைந்தபின், 2001ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

ஆப்செட் அச்சில் பிளேட் தயாரிக்கும் செலவு பத்துப் பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றே ஆதலால், குறைந்த எண்ணிக்கையில் அச்சிடுவது கட்டுபடியாகாது. விற்காத பிரதிகள் ஆசிரியர் வீட்டுப் பரணில் கிடந்தன. பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் அச்சு இக்கணக்கை மாற்றி, கேட்கும்போது கேட்ட அளவு மட்டும் அச்சிடும் ‘பிரிண்ட் ஆன் டிமாண்ட்’ முறைக்கு இடமளித்தது. அமேசானின் கிண்டில் தளம் 2016 இறுதியில் தமிழை ஏற்றதும், தாளே இல்லாத சுயவெளியீடும் எளிதாயிற்று. இதன் நிழலில், புதிய எழுத்தாளரிடம் ‘பேக்கேஜ்’ கட்டணம் வாங்கும் சேவைகளும் முளைத்துள்ளன. நூலுக்குரிய உலக அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-ஐ இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே வழங்குகிறது என்பதை ஒவ்வொரு புதிய எழுத்தாளரும் அறிந்திருக்க வேண்டும்.

சென்னையை விட்டு விலகிய தமிழருக்கு இம்மாற்றத்தின் பொருள் இன்னும் ஆழமானது. அந்தமான் நிகோபார் தீவுகளில் தமிழ் பெருவாரியாகப் பேசப்படும் மொழிகளுள் ஒன்றாயினும், தமிழ்நாட்டு நூலகச் சட்டம் அந்த யூனியன் பிரதேசத்தை எட்டாது. வடக்கு, மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடமான மாயாபந்தருக்குச் சென்னையில் அச்சான ஒரு கட்டுப் புத்தகம் கப்பலில் போய்ச் சேர வேண்டுமானால், 2024க்கு முன் போர்ட் பிளேர் எனப்பட்ட தலைநகர் ஸ்ரீ விஜயபுரம் வரை ஏறத்தாழ மூன்று நாள் கடற்பயணமும், அதன்பின் ஜாரவா காப்பகத்தை ஊடறுத்து, இடையே வாகனப் படகில் நீரிணை கடக்கும் அந்தமான் டிரங்க் சாலையில் சுமார் 240 கிலோமீட்டரும் ஆகும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இயங்கத் தொடங்கிய கடலடிக் கண்ணாடியிழை வடம், மாயாபந்தருக்குத் தெற்கே உள்ள ரங்கத்தில் கரையேறுகிறது. அதன் வழியே மின்னூலுக்கு அந்தக் கப்பற்கூலி இல்லாமற்போகிறது. தாளில் வெளியிடும் மாயாபந்தர் ஆசிரியரோ, 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பிற நூலகங்களுக்கும் 30 நாட்களுக்குள் தம் செலவில் பிரதி அனுப்பக் கடமைப்பட்டவர். சட்டத்தின் கண்ணில் அவரே பதிப்பாளர்.